ஹார்ட் டிஸ்குகளுக்கு முன்னால் ஒரு எஸ்எஸ்டியை கேஷாக (அடிக்கடி தேவைப்படுவதை வைத்துக்கொள்ளும் வேகமான இடைக்கிடங்காக) போடப் போகிறேன். ரைட்-பேக் வைக்கலாமா?

லினக்ஸ் சர்வர், ரெய்டு 5இல் நான்கு ஹார்ட் டிஸ்க், கையில் சும்மா கிடக்கும் 500 ஜிபி எஸ்எஸ்டி ஒன்று என்று கேள்வியில் சொல்லியிருக்கிறீர்கள். ஒரே ஒரு எஸ்எஸ்டிதான் என்றால் ரைட்-த்ரூ வையுங்கள். ரைட்-பேக் பக்கம் போகவே வேண்டாம்.

ரைட்-த்ரூவில், எழுதுவது ஹார்ட் டிஸ்கிலும் இறங்கிய பிறகுதான் 'எழுதியாயிற்று' என்று பதில் வரும். எஸ்எஸ்டி நாளைக்கே செத்தாலும் டேட்டா எதுவும் போகாது, வேகம் மட்டும்தான் குறையும். ரைட்-பேக்கில் எஸ்எஸ்டியில் விழுந்தவுடனேயே பதில் வந்துவிடும். ஹார்ட் டிஸ்குக்கு அப்புறம் மெதுவாக இறக்கிக்கொள்ளும். அதுவரை புதிய பிரதி இருப்பது எஸ்எஸ்டியில் மட்டும்தான்.

"போனால் கடைசியாக எழுதிய நாலு ஃபைல்தானே போகும்" என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. அடிக்கடி மாறுகிற பிளாக்குகளில் (டிஸ்க் இடத்தின் சிறு துண்டுகளில்) பெரும்பாலும் ஃபைல் சிஸ்டத்தின் மெட்டாடேட்டா இருக்கும். எந்த ஃபைல் எந்த ஃபோல்டரில் இருக்கிறது, எந்த பிளாக் யாருடையது என்ற கணக்கெல்லாம் அதில்தான். அதன் புதிய பிரதி எஸ்எஸ்டியோடு போய்விட்டால், டிஸ்கில் மிஞ்சுவது பாதி பழசும் பாதி புதுசுமாக ஒன்றோடொன்று ஒத்துப்போகாத கணக்கு. நீங்கள் பல வருடம் தொடாத ஃபைல்கள்கூட அதில் மாட்டிக்கொள்ளலாம். ஒரு டிஸ்க் போனாலும் தாங்கும் ரெய்டைக் கட்டிவிட்டு, அதன் முன்னால் துணையில்லாத ஒற்றை எஸ்எஸ்டியை நிறுத்துவது, கோட்டைக்கு மதில் எழுப்பிவிட்டு வாசலில் ஓலைத்தட்டியைச் சாத்தி வைத்ததுபோல.

ரைட்-பேக் வேண்டுமென்றால் மிர்ரரில் (இரண்டிலும் ஒரே டேட்டா இருக்கும்படி) இரண்டு எஸ்எஸ்டி வையுங்கள். மின்சாரம் போனாலும் உள்ளே இருப்பதை எழுதி முடிக்க கெப்பாசிட்டர் உள்ள சர்வர் ரகமாக இருந்தால் நல்லது. (மிர்ரரில் இரண்டிலும் ஒரே அளவுதான் எழுதப்படும், அதனால் இரண்டும் ஒரே வேகத்தில் தேயும், ஏறக்குறைய ஒரே சமயத்தில் சாகவும் கூடும். ஒரே மாடலில் இரண்டையும் வாங்க எனக்குத் தயக்கம்தான்.)

செட்டிங் பெரிய வேலையில்லை. எல்விஎம் (டிஸ்க் இடத்தைச் சேர்த்துப் பிரித்துக் கொடுக்கும் லினக்ஸ் வசதி) ஏற்கெனவே இருந்தால் எஸ்எஸ்டியை அதே வால்யூம் குரூப்பில், அதாவது அதே டிஸ்க் தொகுப்பில், சேர்த்து, அதில் ஒரு கேஷ் வால்யூம் உண்டாக்கி, டேட்டா வால்யூமோடு இணைத்தால் போதும். உள்ளே இருக்கும் ஃபைல்களுக்கு ஒன்றும் ஆகாது. எல்விஎம் இல்லாமல் ரெய்டின் மேலேயே ஃபைல் சிஸ்டம் போட்டிருந்தால் கதை வேறு. லினக்ஸின் இன்னொரு கேஷ் வசதியான பிகேஷுக்குப் போனாலும் வழக்கமான வழி டிஸ்கைப் புதிதாக ஃபார்மட் செய்வதுதான், அதனால் முதலில் முழு பேக்கப் எடுங்கள். பழைய எஸ்எஸ்டி என்பதால் இணைப்பதற்கு முன் அதை முழுவதுமாக டிஸ்கார்டு செய்துவிட்டு (பழைய டேட்டா எதுவும் வேண்டாம் என்று எஸ்எஸ்டிக்குச் சொல்லிவிட்டு), 80 சதவீதம் அளவுக்கு மட்டும் கேஷுக்குக் கொடுங்கள். ஒருமுறை நிரம்பிய பிறகு கேஷ் எப்போதும் நிரம்பியேதான் இருக்கும். எழுத காலி இடம் இல்லாவிட்டால் சாதாரண எஸ்எஸ்டி திணறும். பின்னால் எஸ்எஸ்டியைக் கழற்ற வேண்டி வந்தால், எல்விஎம் கட்டளை கொடுத்துப் பிரித்த பிறகுதான் கழற்ற வேண்டும்.

இவ்வளவும் செய்து பலன் உண்டா என்பது நீங்கள் என்ன ஓட்டுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. 7200 ஆர்பிஎம் டிஸ்க் ஒன்றால் அங்கங்கே சிதறிக் கிடப்பதைப் படிக்கும்போது நொடிக்கு நூறு சொச்சம் தடவைதான் முடியும்; எஸ்எஸ்டிக்கு அது பல ஆயிரம். டேட்டாபேஸ், விர்ச்சுவல் மெஷின், ஒரே ஃபோல்டரில் ஆயிரக்கணக்கான சின்ன ஃபைல்கள் என்றால் வித்தியாசம் நன்றாகத் தெரியும். படம் பார்க்கவும் பேக்கப் போடவும் மட்டும் என்றால் தெரியாது. பிகேஷ் 4 எம்பிக்கு மேல் தொடர்ச்சியாகப் போவதை இயல்பாகவே கேஷில் போடாமல் விட்டுவிடும். ரேம் குறைவாக இருந்தால் முதலில் அதைக் கூட்டுங்கள், லினக்ஸ் மீதி ரேமைத் தானாகவே கேஷாக்கிக்கொள்ளும்.

போட்ட அன்றைக்கே வேகத்தை அளக்காதீர்கள், கேஷ் நிரம்ப நாளாகும். ஓரிரு வாரம் வழக்கம்போல் ஓட்டிவிட்டு எல்விஎம் காட்டும் ஹிட் (கேட்டது கேஷில் கிடைத்தது), மிஸ் (கிடைக்காதது) எண்ணிக்கையைப் பாருங்கள். மிஸ்தான் அதிகம் என்றால் எஸ்எஸ்டியைப் பிரித்தெடுத்து, டேட்டாபேஸை நேராக அதிலேயே வைத்து தினமும் பேக்கப் எடுப்பது மேல்.