கடல் அட்டை: ஒரு கடிதம்

அன்புள்ள சார்,

சிங்கப்பூரில் வேலை பார்க்கிறேன். சீனப் புத்தாண்டுக்கு எங்கள் மேலாளர் விருந்து வைத்தார். காளானோடு சேர்த்து, பழுப்புக் குழம்பில் வழுவழுவென்று ஒன்று வந்தது. கடல் அட்டை என்றார்கள், கடலடி மணலில் கிடக்கிற, வெள்ளரிக்காய் மாதிரி ஒரு பிராணியாம். சாப்பிட்டேன், பெரிய ருசி ஒன்றும் தெரியவில்லை. அப்புறம் தேடிப் பார்த்தால் இந்தியாவில் தடை செய்யப்பட்ட உயிர் என்று இருக்கிறது. இங்கே சைனாடவுனில் ஜாடி ஜாடியாகக் காய்ந்தது விற்கிறார்கள். நான் சாப்பிட்டது தவறா? மூட்டுவலிக்கு நல்லது என்கிறார்களே, அம்மாவுக்கு வாங்கி அனுப்பலாமா? நீங்கள் ராமநாதபுரத்துக்காரர் என்பதால் கேட்கிறேன்.

க.

அன்புள்ள க.,

அம்மாவுக்கு அனுப்பாதீர்கள். விமான நிலையத்தில் பிடித்தால் மூட்டுவலியோடு தலைவலியும் சேரும். நல்ல டாக்டராகப் பார்த்துக் காட்டுங்கள். ருசியைப் பற்றிச் சொன்னது சரிதான், அட்டைக்கென்று தனி ருசி கிடையாது. குழம்பை உறிஞ்சிக்கொள்ளும், வாயில் வழுக்கும், அந்தப் பதத்துக்குத்தான் அவ்வளவு காசு.

மண்டபம், வேதாளை என்று ஏதாவது ஓர் ஊரில் அட்டை பிடிபட்ட செய்தி பேப்பரில் அடிக்கடி வருகிறது. படிக்கும்போதெல்லாம் எழுத வேண்டும் என்று நினைப்பேன். உங்கள் கடிதம் ஒரு சாக்கு.

என் சின்ன வயதில் எங்கள் கரையில் அட்டை அவிக்கிற வாடை அடிக்காத நாள் குறைவு. எங்கள் தெரு மாமா ஒருவர் குளியாள். காலில் அலுமினியத் தகட்டைத் துணியால் கட்டிக்கொண்டு, மூச்சை அடக்கி இறங்குவார். வந்த சரக்கைக் கத்தியால் கீறிக் குடலைப் பிதுக்கி எடுத்து, அண்டாவில் போட்டு அவிப்பார்கள். பிறகு ஈர மணலில் குழி தோண்டி ஒரு ராத்திரி புதைத்து வைப்பது. மறுநாள் தோண்டினால் மேலே இருக்கிற சுண்ணாம்புப் படலம் ஊறிக் கழன்றிருக்கும். அதைத் தேய்த்துக் கழுவி, மறுபடி அவித்து வெயிலில் காயப்போட வேண்டும். பத்துக் கிலோ அட்டை காய்ந்தால் ஒரு கிலோகூடத் தேறாது. அத்தனை வேலை செய்த வீடுகளில் ஒருத்தர்கூட அதைத் தின்றதில்லை. சீனாக்காரன் சாப்பிடுவானாம் என்று சிரிப்போம்.

2001-இல் மத்திய அரசு எல்லாக் கடல் அட்டைகளையும் வனவிலங்குச் சட்டத்தின் முதல் பட்டியலில் சேர்த்தது. புலியும் ஆவுளியாவும் (கடல்பசு) இருந்த அதே பட்டியல். பிடிபட்டால் மூன்றிலிருந்து ஏழு வருஷம் வரை சிறை. மாமா வலை இழுக்கும் கூலியாகப் போனார்.

தடைக்குக் காரணமே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். அப்படிச் சொல்கிற வியாபாரிகள் எங்கள் ஊரில் உண்டு, அவர்களோடு எனக்கு ஒத்துவராது. மண்புழு நிலத்துக்குச் செய்வதை அட்டை கடலடிக்குச் செய்கிறது, மணலைத் தின்று கசடை எடுத்துக்கொண்டு சுத்த மணலை வெளியே விடுகிறது. ஆணும் பெண்ணும் தண்ணீரிலேயே விந்தையும் முட்டையையும் விடுகிற பிராணி அது. கிட்டக் கிட்ட இருந்தால்தான் கரு சேரும். இங்கே ஒன்று, அங்கே ஒன்று என்று ஆகிவிட்டால், பிடிப்பதை நிறுத்தினாலும் பெருக நாளாகும். 1982-லேயே மூன்று அங்குலத்துக்குக் குறைந்த சரக்கை ஏற்றுமதி செய்யக் கூடாது என்று விதி போட்டார்கள். யார் அளந்து பார்த்தார்கள்? அளக்க ஆள் வைக்காத அரசு, கிட்டத்தட்ட இருபது வருஷம் கழித்து மொத்தமாகக் கதவைச் சாத்தியது.

இப்போது எனக்கு ஆறாத விஷயத்துக்கு வருகிறேன். 1988-இல் தூத்துக்குடியில், மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தில், வெள்ளை அட்டையைப் பொரிப்பகத்தில் இனப்பெருக்கம் செய்ய வைத்துக் குஞ்சு எடுத்தார்கள். உலகத்தில் அதுதான் முதல் தடவை. நம் கடற்கரையில், நம் அரசுச் சம்பளம் வாங்கிய விஞ்ஞானிகள் செய்தது. இன்று வியட்நாமில் குளத்தில் வளர்க்கிறார்கள். மடகாஸ்கரில் கிராமத்து ஜனங்கள் கடலில் வலையடைத்து வளர்க்கிறார்கள். தூத்துக்குடியில் வளர்த்து விற்க வழியில்லை, ஏனென்றால் முதல் பட்டியல் உயிர். குஞ்சு பொரித்துக் கடலில் விட்டிருக்கலாம், மாமா மாதிரி ஆட்களையே காவலுக்கு வைத்திருக்கலாம், எங்கே அட்டை கிடக்கும் என்று அவர்களைவிட யாருக்குத் தெரியும்? பிடிக்கிற மாதம், அளவு, எண்ணிக்கை என்று வகுத்திருக்கலாம். தடை போடுவதற்குப் பதின்மூன்று வருஷம் முன்பே கையில் இருந்த வித்தை இது! பட்டியலில் ஒரு வரி சேர்ப்பது சுலபம், அதைச் செய்தார்கள்.

பாக் நீரிணைக்கு அந்தப் பக்கம், இலங்கையில், லைசென்ஸ் வாங்கிப் பிடிக்கலாம், பண்ணையும் போடலாம். அங்கேயும் எல்லாம் சுகம் என்று நினைக்காதீர்கள். கிளிநொச்சி மாவட்டத்துக் கௌதாரிமுனையில் சீனத் தொடர்புள்ள பண்ணை வந்தபோது, 2021-இல், அங்கத்து மீனவர்களே எதிர்த்தார்கள். ஆழமில்லாத கடலை வேலி போட்டு அடைத்தால் நாங்கள் எங்கே தொழில் செய்வது என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி.

நீங்கள் கேட்டது ‘தவறா’ என்று. தம்பி, எனக்கு எரிச்சல் வருவது இந்த இடத்தில்தான். சாப்பிட்ட பிறகு மனசு உறுத்துகிறது, யாராவது ‘பரவாயில்லை’ என்று சொன்னால் தேவலை, அவ்வளவுதானே? ஒரு விருந்தில் இரண்டு துண்டு தின்றதால் கடல் வற்றிவிடாது. ஜெயிலுக்குப் போவதும் நீங்கள் இல்லை, ஜாடியில் போட்டு விற்கிற கடைக்காரரும் இல்லை. தண்ணிக்குள் இறங்குகிறவன்தான் போகிறான்.

அடுத்த தடவை கடையில் கேளுங்கள்: கடலில் எடுத்ததா, பண்ணையா, எந்த நாடு? முழித்தால் வாங்காதீர்கள். மடகாஸ்கர் பண்ணை, வியட்நாம் பண்ணை என்றால் தாராளமாகச் சாப்பிடுங்கள், எனக்கு ஆட்சேபம் இல்லை. இலங்கைச் சரக்கு என்று எழுதியிருந்தால் கொஞ்சம் யோசியுங்கள். எங்கள் கரையில் ராத்திரி படகேறி, அங்கே போய்ச் சட்டப்படியான சரக்காக மாறிய அட்டையும் அதில் கலந்திருக்கும்.