அசனச் சோறும் பிடியரிசியும்

அன்புள்ள ஐயா,

நானும் உங்கள் பக்கத்து ஆள்தான், சாத்தான்குளத்துக்குத் தெற்கே. இப்போது பெங்களூரில் வேலை. போன மாதம் எங்கள் ஊர்க் கிறிஸ்தவக் கோயில் பிரதிஷ்டைப் பண்டிகைக்கு வந்திருந்தேன். அசனத்துக்கு, அதாவது பண்டிகையில் எல்லோருக்கும் போடுகிற சாப்பாட்டுக்கு மட்டும் ஆன செலவைக் கேட்டபோது சாப்பிட்ட சோறு தொண்டையில் நின்றது. அதே தெருவில் ஒரு பெண் நர்சிங் கட்டணம் கட்ட முடியாமல் முதல் வருடத்தோடு வீட்டில் இருக்கிறாள். ஒரு மத்தியானச் சாப்பாட்டுக்குப் போன பணத்தில் அவளைப் போல எத்தனையோ பேரைப் படிக்கவைத்திருக்கலாம்.

கோயில் ஆராதனையோடு நிற்கட்டும், உதவி செய்வதை முறையாகக் கணக்கு வைக்கிற ஒரு டிரஸ்ட் பார்த்துக்கொள்ளட்டும் என்று தோன்றுகிறது. அப்படிச் செய்தால், 'சோற்றுக்காக வேதத்தில் சேர்ந்தவர்கள்' என்று நம்மைப் பார்த்துச் சொல்லும் பழைய ஏச்சும் இல்லாமல் போகும். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

ஒரு வாசகர், பெங்களூர்

அன்புள்ள தம்பி,

அந்தப் பெண்ணின் விஷயத்துக்குக் கடைசியில் வருகிறேன். அதற்கு முன்னால் எங்கள் வீட்டு அடுப்படியை உங்களுக்குக் காட்ட வேண்டும்.

அரிசிப் பானைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன மண்கலயம் இருக்கும். உலைக்கு அரிசி அளந்ததும் அம்மா அதிலிருந்து ஒரு பிடி எடுத்துக் கலயத்தில் போடுவாள். ஒரு படி அளந்தாலும் ஒரு பிடி, கால்படி அளந்தாலும் ஒரு பிடி. ஞாயிற்றுக்கிழமை அது கோயிலுக்குப் போகும். பெண்கள் உட்காரும் பக்கத்தில் ஓர் ஓலைப்பெட்டி வைத்திருப்பார்கள். பாட்டு முடிவதற்குள் ஒவ்வொருவராகப் போய்க் கொட்டிவிட்டு வருவார்கள். பிடியரிசி என்று பேர்.

நான் ஐந்தாம் வகுப்பு படித்த வருடம், பதநீர்க் காலம் தொடங்கிய சில நாட்களில் அப்பா பனையிலிருந்து விழுந்துவிட்டார். இடுப்பெலும்பு முறிந்து மாதக்கணக்கில் படுக்கை. பனையேறி வீட்டில் அந்த நாலைந்து மாதச் சம்பாத்தியத்தை வைத்துத்தான் முழு வருடத்தையும் ஓட்ட வேண்டும். அது உங்களுக்கும் தெரிந்திருக்கும். ஒருநாள் ராத்திரி, தெரு அடங்கிய பிறகு, குருவுக்கு உதவியாகச் சபையைப் பார்த்துக்கொள்கிற உபதேசியார் வந்தார். சைக்கிளில் அரை மூடை அரிசி. திண்ணையில் இறக்கிவைத்தார், அப்பாவின் கட்டிலோரம் நின்று ஜெபம் பண்ணினார், போய்விட்டார். எங்கிருந்து வந்தது என்று அவர் சொல்லவில்லை. வெள்ளையும் சிவப்பும், பழசும் புதுசும் கலந்து கிடந்த அரிசி அது. ஓலைப்பெட்டி அரிசி என்று பார்த்ததும் தெரிந்துவிட்டது. மறுநாள் காலையில் அம்மா அதில் அரைப்படி அளந்தாள். அளந்த கையோடு ஒரு பிடி எடுத்துக் கலயத்தில் போட்டாள்.

நீங்கள் சொல்கிற டிரஸ்டும் எங்களுக்கு அரிசி கொடுத்திருக்கும். ஒருவேளை நல்ல அரிசியாகவே கொடுத்திருக்கும். ஆனால் அந்த ஒரு பிடியைத் திருப்பி வாங்கியிருக்காது. அந்த ஞாயிற்றுக்கிழமையும் அம்மா மற்றப் பெண்களோடு சேர்ந்து ஓலைப்பெட்டி வரைக்கும் நடந்துபோனாள். தானம் வாங்கிய வீடு என்று எங்களை யாரும் பார்க்கவில்லை, நாங்களும் அப்படி நினைத்துக்கொள்ளவில்லை. ஆராதனையும் உதவியும் ஒரே பெட்டியில் இருந்ததால்தான் இது நடந்தது. அவற்றைப் பிரித்தால் எங்கள் அம்மா வெறும் பயனாளி ஆகிவிடுவாள்.

சபை என்ற ஒன்று தொடங்கிய காலத்திலேயே இந்தப் பேச்சு இருக்கிறது. எருசலேம் சபையில் வந்த முதல் நிர்வாகப் புகாரே சாப்பாட்டைப் பற்றியதுதான். தினசரிப் பந்தியில் கிரேக்க மொழி பேசுகிற விதவைகள் விடுபட்டுப் போனார்கள். உடனே அதற்கென்று ஏழு பேரை நியமித்தார்கள். அந்த ஏழு பேர்மேல் கைவைத்து ஜெபம் செய்துதான் அந்த வேலையை ஒப்படைத்தார்கள். அப்புறம் கொரிந்து சபை. அங்கே திருவிருந்துக்குக் கூடுகிற இடத்தில் ஒருவன் பசியோடு இருக்கிறான், ஒருவன் குடித்து வெறித்துக் கிடக்கிறான் என்று கேள்விப்பட்டு பவுல் கோபத்தோடு எழுதினார். பக்கத்திலிருப்பவன் பசித்திருக்கும்போது நடக்கிற திருவிருந்து அவர் பார்வையில் கர்த்தருடைய விருந்தே இல்லை.

நம் சீமைக்கு வருவோம். முதலூர் என்ற பெயர் எப்படி வந்தது? 1799-ல் தாவீது சுந்தரானந்தம் என்ற உபதேசியார், வேதத்தில் சேர்ந்ததால் சொந்த ஊரில் இருக்க முடியாமல் போனவர்களைக் கொண்டுபோய்க் குடியேற்றிய முதல் ஊர் அது. பிறகு பாளையங்கோட்டைக்கு 1820-ல் வந்த ரேனியஸ் என்ற மிஷனெரி இதையே பெரிய அளவில் செய்தார். 1830-ல் தர்ம சங்கம் என்று ஒன்றைத் தொடங்கி, அடித்துத் துரத்தப்பட்டவர்களுக்கு நிலம் வாங்கிக் கொடுத்தார்கள். அப்படி விரட்டப்பட்டு வந்தவனுக்குத் தங்க ஒரு கூரையும் ஜெபிக்க ஒரு கூரையும் சேர்ந்தே தேவைப்பட்டன. எது முதலில், எது பிறகு என்று அவனைப் போய்க் கேட்க முடியுமா?

அந்த ஏச்சு எனக்கும் வலிக்கும். பள்ளிக்கூடத்தில் நானும் கேட்டிருக்கிறேன். 1877, 78-ல் தாது வருஷப் பஞ்சம் ஊரையே உலுக்கியபோது திருநெல்வேலிச் சீமையில் ஆயிரக்கணக்கானோர் சபைகளில் சேர்ந்தார்கள். பசியும் ஒரு காரணம்தான், மறுக்க மாட்டேன். பசித்தவன் சோறு கொடுத்தவனிடம் போனான், அதில் வெட்கப்பட என்ன இருக்கிறது? ஆனால் கதையை அங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். பஞ்சத்தில் அநாதைகளான பிள்ளைகளைக் கையில் வைத்துக்கொண்டு 1878-ல் நம் சீமை நாசரேத்தில் மர்காஷிஸ் ஐயர் என்ற மிஷனெரி கைத்தொழில் பள்ளி தொடங்கினார். அந்தப் பிள்ளைகள் தொழில் கற்று நிமிர்ந்தார்கள்.

பஞ்சத்துக்கு மூன்று வருடம் முன்னால், 1874-ல், வெள்ளாளன்விளையில் ஒரு குழந்தை பிறந்தது. அசரியா. அவரும் அவருடைய நண்பர்களும் 1903-ல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கத்தைத் தொடங்கினார்கள். இந்திய ஆட்கள், இந்தியப் பணம், இந்திய நிர்வாகம் என்பதுதான் அவர்கள் வைத்துக்கொண்ட கட்டுப்பாடு. வெளிநாட்டுக் காசு வேண்டாம் என்றால் யார் காசு? நம் சபைகளின் காசுதான். தெலுங்கு நாட்டில் தோர்ணக்கல்லுக்கு அதைக் கொண்டு ஊழியர்களை அனுப்பினார்கள். 1912-ல் அசரியா அங்கேயே பேராயரானார், ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயர். சோற்றுக்காகச் சேர்ந்தவர்கள் என்று ஏசப்பட்ட அதே சீமை, பஞ்சம் கழிந்து இருபத்தைந்து வருடத்தில் அடுத்த நாட்டுக்கு அனுப்பிக் கொடுக்கிற நிலைக்கு வந்துவிட்டது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு அந்த மண்கலயம்தான் ஞாபகம் வரும்.

சரி, அசனம். அசனம் என்றால் உணவு. நீங்கள் மத்தியானம் போய்ப் பந்தியில் உட்கார்ந்திருப்பீர்கள். அசனத்தை அதற்கு முந்தின ராத்திரி ஆக்குப்புரையில் பார்க்க வேண்டும். நேர்ச்சையாக ஆடு கொடுத்தவர், அரிசி கொடுத்தவர், கொடுக்க ஒன்றுமில்லாமல் தேங்காய் துருவ வந்தவர் எல்லோரும் ஒரே புகையில் நிற்பார்கள். வருடம் முழுக்க வரப்புத் தகராறில் பேசாமல் இருந்த இரண்டு பேர் ஒரே அண்டாவைத் தூக்க வேண்டிவரும். விடிந்தபின் சபைக் குருவான ஐயர் ஜெபம் பண்ணாமல் ஒரு கரண்டி சோறு வெளியே போகாது. அப்புறம் வேதக்காரர் மட்டுமா சாப்பிடுகிறார்கள்? பக்கத்து ஊர்களிலிருந்து அம்மன் கோயில் கும்பிடுகிறவர்களும் தூக்குவாளியோடு வந்து, வீட்டில் படுத்திருப்பவர்களுக்கும் வாங்கிப் போகிறார்கள். அதை விருந்து என்று பார்த்தால் செலவு. எனக்கு அது ஆராதனையின் கடைசிப் பகுதியாகத்தான் தெரிகிறது.

ஆனால் உங்கள் கோபத்தில் நியாயம் இருக்கிறது. பக்கத்து ஊரில் இத்தனை ஆடு என்றால் நம் ஊரில் அதைவிடக் கூட என்று போட்டி வந்துவிட்ட இடங்களை நானும் பார்க்கிறேன். பந்தலும் ஒலிபெருக்கியும் சோற்றைவிட அதிகம் விழுங்குகின்றன. சபைத் தேர்தலுக்காக நீதிமன்றம் வரை போய்க் கொட்டுகிற பணத்தைப் பற்றி எழுதவே கை கூசுகிறது. ஒரே பந்தியில் உட்காருவது எல்லா ஊரிலும் நடக்கிறது என்றும் என்னால் சொல்ல முடியாது. கல்லறைத் தோட்டத்தில்கூடச் சாதி பார்த்துச் சுவர் வைத்த சபைகள் உண்டு. அங்கே அசனம் போட்டு என்ன, போடாமல் என்ன? கணக்கையும் நீங்கள் கேட்கத்தான் வேண்டும். எங்கள் சபையில் வரவு செலவைப் பீடத்துக்கு முன்னால் நின்று வாசித்த காலம் இருந்தது. உங்கள் ஊரில் அது நின்றுபோயிருந்தால் மறுபடியும் வாசிக்கச் சொல்லுங்கள். வெளியூரில் இருப்பவன் என்று தயங்க வேண்டாம். சங்கக் காணிக்கை கட்டுகிறீர்கள், கேட்க உரிமை உண்டு.

இனி அந்தப் பெண். அவளுக்காக ஆராதனையில் அறிவிப்புச் செய்ய வேண்டாம். உதவி வாங்குகிறவர் பேரைப் பீடத்திலிருந்து வாசிக்கிற வழக்கம் சில சபைகளில் வந்திருக்கிறது, எனக்கு அது பிடிக்கவில்லை. உங்கள் வட்டாரச் சபைகளைக் கவனிக்கிற சேகர குருவிடம் மட்டும் போனில் பேசுங்கள். உபதேசியாரை வீட்டுக்கு அனுப்பச் சொல்லுங்கள், அவர்களுக்கு எப்போது போக வேண்டும் என்று தெரியும். பெண்கள் ஐக்கிய சங்கத்தில் ஒரு பகுதி எடுக்கலாம், உங்களைப் போல் வெளியூரில் வேலை பார்க்கிற பையன்கள் ஒரு பகுதி போடலாம். அவள் திரும்பக் கல்லூரிக்குப் போனபிறகு, லீவில் வரும்போது ஓய்வுநாள் பாடசாலையில் சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க முடியுமா என்று யாராவது கேட்கட்டும். வாங்கியதற்குக் கூலியாக அல்ல. அவள் கையிலும் ஒரு பிடி இருக்கிறது, அதை வாங்கிக்கொள்ள ஆள் வேண்டும்.

கட்டணத்தில் எவ்வளவு குறைகிறது என்று கேட்டு எனக்கு எழுதுங்கள். என் பங்கை அனுப்புகிறேன். அவள் பேர் எனக்குத் தெரிய வேண்டாம்.