குள்ள கேலக்ஸிகள் வளர்ந்து பெரிய கேலக்ஸிகள் ஆகுமா?

"குட்டி கேலக்ஸிகளும் ஒருநாள் வளர்ந்து நம் பால்வெளி போல ஆகிவிடும்தானே?" என்று கேட்டிருக்கிறீர்கள். குழப்பமே அந்தக் 'குட்டி' என்ற சொல்லில்தான் இருக்கிறது. குட்டி வளரும், குள்ளர் வளர்வதில்லை. இவற்றில் பல, வயதில் பால்வெளியின் மிகப் பழைய விண்மீன்களோடு போட்டி போடுபவை. உருவம்தான் சிறியது.

எவ்வளவு சிறியது? பால்வெளியில் 10,000 கோடிக்கும் மேல் விண்மீன்கள் உண்டு. குள்ள கேலக்ஸி என்றால் அதிகபட்சம் சில நூறு கோடி. அடிமட்டத்துக்குப் போனால் தலைசுற்றும். 75,000 ஒளியாண்டு தொலைவில் உள்ள செகு 1 என்ற கேலக்ஸியின் மொத்த ஒளியும் சில நூறு சூரியன்களுக்கு மேல் தேறாது. ஒரே ஒரு பெரிய விண்மீன் தனியாளாக அதைவிடப் பிரகாசமாக எரியும். இதையும் கேலக்ஸி என்று ஏன் சொல்ல வேண்டும், விண்மீன் கொத்து என்று விட்டுவிடலாமே என்று நானும் முதலில் நினைத்தேன்.

விடை எடையில் இருக்கிறது. 1983இல் மார்க் ஆரன்சன் என்ற வானியலாளர் டிராகோ குள்ள கேலக்ஸியில் மூன்றே மூன்று விண்மீன்களின் வேகத்தை அளந்தார். கண்ணுக்குத் தெரியும் விண்மீன்களின் ஈர்ப்பு மட்டும்தான் அங்கே இருக்கிறது என்றால், அவை அவ்வளவு வேகமாக அலையவே கூடாது, எப்போதோ சிதறிப் போயிருக்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒன்று அவற்றைப் பிடித்து வைத்திருக்கிறது என்ற முடிவுக்கு வந்தார். மூன்று விண்மீன்களை வைத்து இவ்வளவு பெரிய பேச்சா என்று பலர் முகம் சுளித்தார்கள். பின்னால் நூற்றுக்கணக்கில் அளந்தபோதும் அதே கதைதான் வந்தது. ஒளி விடாமல் ஈர்ப்பால் மட்டும் தன்னைக் காட்டும் அந்த ஒன்றுக்குக் கரும்பொருள் என்று பெயர். இன்று நமக்குத் தெரிந்த கேலக்ஸிகளில் கரும்பொருளின் விகிதம் மிக அதிகமாக இருப்பது இந்தக் குள்ளர்களிடம்தான். செகு 1இன் ஒளி சில நூறு சூரியன்கள். எடையோ சில லட்சம் சூரியன்கள். கொத்துக்கும் கேலக்ஸிக்கும் வேறுபாடு இதுதான்: கொத்தில் கரும்பொருள் இருப்பதாகத் தெரியவில்லை.

சரி, ஏன் வளரவில்லை? பிரபஞ்சத்தின் தொடக்கத்தில் கரும்பொருள் முதலில் சிறு சிறு திரள்களாகத்தான் கூடியது. அந்தப் பள்ளங்களில் வாயு விழுந்து குளிர்ந்து விண்மீன்கள் பிறந்தன. அதற்குள் முதல் விண்மீன்களும் கேலக்ஸிகளும் கக்கிய புற ஊதாக் கதிர்கள் வெளியெங்கும் இருந்த வாயுவைச் சூடாக்கிவிட்டன. பெரிய திரளின் ஈர்ப்பு அந்தச் சூட்டைச் சமாளித்தது. சிறியதால் சூடான வாயுவை இழுத்துப் பிடிக்க முடியவில்லை. போதாக்குறைக்கு, உள்ளே பிறந்த பெரிய விண்மீன்கள் சூப்பர்நோவாவாக வெடித்து, இருந்த வாயுவையும் வெளியே தள்ளின. பெற்ற பிள்ளைகளே வீட்டைக் காலி செய்த கதை. வாயு இல்லையேல் புதிய விண்மீன் இல்லை. அதனால்தான் மிக மங்கலான குள்ளர்களில் 1,200 கோடி ஆண்டுகளைத் தாண்டிய கிழட்டு விண்மீன்கள் மட்டும் மிஞ்சியிருக்கின்றன.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது ரெட்டிகுலம் 2. 2015இல் கண்டுபிடிக்கப்பட்டது. அதன் ஒன்பது விண்மீன்களின் நிறமாலையைப் பிரித்துப் பார்த்தபோது ஏழில் யூரோப்பியம் போன்ற கனமான தனிமங்கள் வகைதொகை இல்லாமல் கொட்டிக் கிடந்தன. தங்கம் உருவாகும் அதே அணுக்கருச் செயல்முறையில் பிறப்பவை அவை. இதே போன்ற மற்றக் குள்ளர்களிலோ அவை மருந்துக்குக்கூட இல்லை. ஆக, எல்லாச் சூப்பர்நோவாவும் கொஞ்சம் கொஞ்சமாகத் தயாரித்த சரக்கு அல்ல இது. அரிய நிகழ்வு ஒன்று, இரண்டு நியூட்ரான் விண்மீன்களின் (வெடித்த பெரிய விண்மீன்கள் விட்டுச்செல்லும் மிக அடர்ந்த மிச்சங்கள்) மோதலாக இருக்கலாம், ஒரே முறை நடந்து அந்தச் சின்ன வாயு மேகம் முழுவதையும் கறைப்படுத்திவிட்டது. பால்வெளி போன்ற பெரிய இடத்தில் நடந்திருந்தால் கூட்டத்தோடு கூட்டமாகக் கரைந்து போயிருக்கும். சின்ன ஊரில் நடந்த சம்பவம் என்பதால் தடயம் அப்படியே இருக்கிறது.

எல்லாக் குள்ளர்களும் இப்படி வறண்டு போனவர்கள் என்று எண்ணிவிட வேண்டாம். பெரிய கேலக்ஸிகளின் வாடையே படாமல் ஒதுங்கி வாழும் லியோ பி இன்றும் வாயுவோடு இருக்கிறது, விண்மீன்களும் பிறக்கின்றன. நமக்கு அருகிலேயே மகெல்லன் மேகங்கள் என்று பெயர் கொண்ட கேலக்ஸிகள் இரண்டும் சுறுசுறுப்பாகத்தான் இருக்கின்றன (பெரிய மேகத்தைக் குள்ளர் பட்டியலில் சேர்ப்பதே கொஞ்சம் அநியாயம் என்பது என் கட்சி). பெரிய கேலக்ஸியின் அருகே வந்துவிட்டவற்றுக்குத்தான் ஆபத்து. அதைச் சுற்றியுள்ள சூடான வாயு மண்டலத்தில் நுழையும்போது, எதிர்க்காற்று துண்டைப் பறிப்பது போல, வாயு பறிபோகிறது. பிறகு பெரிய கேலக்ஸியின் ஈர்ப்பு விசை விண்மீன்களையும் உருவி எடுக்கத் தொடங்குகிறது.

உங்கள் கேள்விக்கு நேர்ப் பதிலும் இங்கேதான் வருகிறது. குள்ளர் வளர்ந்து பெரியவர் ஆவது அரிது. பெரியவர்தான் குள்ளர்களைத் தின்று பெரியவர் ஆகிறார். ஏறத்தாழ 1,000 கோடி ஆண்டுகளுக்கு முன் பால்வெளி அப்படி விழுங்கிய ஒன்றின் மிச்சங்களை, கையா விண்கலத்தின் தரவுகளை வைத்து 2018இல் அடையாளம் கண்டார்கள்.

இப்போதும் பந்தி நடந்துகொண்டுதான் இருக்கிறது. தனுசு விண்மீன் குழுவில் எம் 54 என்ற கோளக் கொத்து, அதாவது பந்து போல நெருங்கித் திரண்ட விண்மீன் கூட்டம், இருக்கிறது. பிரெஞ்சு வானியலாளர் சார்லஸ் மெசியே 1778இலேயே குறித்துவைத்தது. என் சிறிய தொலைநோக்கியில் அதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். நடுவில் சற்று அடர்ந்த, ஓரம் தெளியாத ஒரு வெண்புகைப் பொட்டு, அவ்வளவுதான். பக்கத்தில் எம் 22 என்ற இன்னொரு கொத்து விண்மீன் விண்மீனாகப் பிரிந்து ஜொலிக்கும்போது இதற்கு யார் நேரம் ஒதுக்குவார்கள்? நானும் பட்டியலில் ஒரு டிக் போட்டுவிட்டு நகர்ந்துவிடுவேன். 1994இல் கண்டுபிடிக்கப்பட்ட தனுசு குள்ள கேலக்ஸியைப் பற்றிப் பின்னால் படித்தபோதுதான் தெரிந்தது: பால்வெளியால் கிழிக்கப்பட்டு, நம்மைச் சுற்றி நாடாவாக நீண்டு கிடக்கும் ஒரு கேலக்ஸியின் நடுப்பகுதியில் அந்தப் பொட்டு உட்கார்ந்திருக்கிறது. அதற்குப் பிறகு ஓர் இரவு முழுவதும் எம் 22 பக்கம் தொலைநோக்கியைத் திருப்பவே இல்லை.