கத்தரி வேர்முடிச்சு: போத்தல் நொதியமா, இறால் கோதா?

கேள்வி: ஐயா, நிலாவெளியில் அரை ஏக்கர் கத்தரி, மூன்றாவது வருடமாக அதே துண்டில். மத்தியானம் வாடும் செடி பின்னேரம் நிமிர்கிறது. பிடுங்கினால் வேரெல்லாம் முடிச்சு. இறால் கோது போட்டு, அதைச் சர்க்கரையாக உடைக்கும் பற்றீரியா நொதியம் ஊற்றினால் வேரில் முடிச்சு உண்டாக்கும் நுண்ணிய வட்டப்புழு சாகுமாம் என்று உரக்கடையில் ஒரு போத்தல் காட்டினார்கள். வாங்கலாமா?

பதில்: தம்பி, போத்தலை விடுங்கள், கோதைத் தேடுங்கள்.

கோதிலுள்ள கைற்றின், நைதரசன் ஏறிய சர்க்கரைகள் கோர்த்த நீளச் சங்கிலி. பசில்லஸ், ஸ்ரெப்ரோமைசிஸ் என்ற மண் பற்றீரியா இனங்கள் கைற்றினேஸ் நொதியத்தை வெளியே விட்டு அதை வெட்டி, வரும் சர்க்கரையைத் தின்று பெருகும். வட்டப்புழுவின் முட்டை ஓட்டிலும் கைற்றின் உண்டு. பெருகிய கூட்டம் அதையும் கரைக்கும். ஆனால் புழுவின் தோலில் கைற்றின் இல்லை. வேருக்குள் போய்விட்ட புழுவை இது ஒன்றும் செய்யாது. ஆகவே நிற்கிற பயிருக்கு இது மருந்தில்லை.

நொதியம் என்பது புரதம். வெக்கையடிக்கும் கடைத் தட்டில் மாதக்கணக்காய் நின்றதில் என்ன வீரியம் மிஞ்சும்? மிஞ்சினாலும் மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் அதையே தின்றுவிடும். எந்தப் பற்றீரியா, எப்போது காலாவதி என்றுகூட எழுதாத போத்தலை விவசாயி தலையில் கட்டுவது அநியாயம். நொதியத்தைச் செய்கிற பற்றீரியா உங்கள் மண்ணிலேயே இருக்கிறது. அதற்குத் தீன்தான் இல்லை.

கோதை உப்புப் போக நல்ல தண்ணீரில் அலசி, முறுகக் காயவிட்டு, இடித்துத் தூளாக்குங்கள். முழுக்கோது உடைய நாள் எடுக்கும், நாயும் கிளறும். 100 கிலோ மண்ணுக்கு 1 கிலோ தூள், அதோடு மக்கிய மாட்டெரு. அரை ஏக்கருக்கும் இந்த அளவில் போட்டுக் கட்டாது. நாற்றுமேடைக்கும் நடுகைக் குழிக்கும் போதும். ஈரம் காயாமல் 3, 4 வாரம் விடுங்கள். ஒரு பிடி மண்ணை முகர்ந்தால் அமோனியா மூக்கில் ஏறுகிறதா? அப்படியென்றால் நடாதீர்கள், நாற்று கருகும். கோதில் சுண்ணாம்பும் நிறைய உண்டு, அதனால் அளவை மீற வேண்டாம்.

நீங்கள் கேட்டிருக்க வேண்டியது வேறு: கத்தரிக்குப் பிறகு ஏன் மறுபடியும் கத்தரி? தக்காளி, வெண்டி, பூசணி எல்லாமே இந்தப் புழுவுக்கு விருந்து. அடுத்த சிறுபோகத்தில் அந்தத் துண்டில் எள்ளு விதையுங்கள். இப்போதுள்ள செடிகளை வேரோடு பிடுங்கி எரித்துவிடுங்கள், எருக்குழிக்குள் போட வேண்டாம். நாற்று வெளியே வாங்குவதென்றால் காசு கொடுக்கமுன் நாலைந்தின் வேரை வாளித் தண்ணீரில் அலசிப் பாருங்கள். கடுகளவு முடிச்சு ஒன்று தெரிந்தாலும் அந்தக் கட்டையே திருப்பிக் கொடுங்கள்.