அவுஸ்திரேலியாவின்ட கன்பரா மாதிரி திட்டமிட்டுக் கட்டின தலைநகரத்தில கட்டடங்களைப் பாதுகாத்தாக் காணாதா? மலை, ஏரி, மரமெல்லாம் மரபுரிமையோ?

காணாது. நான் கிளிநொச்சி, குளத்தை நம்பி வந்த ஊர், அதால இது எனக்கு நல்லா விளங்குது.

கன்பராவில மலையளையும் ஆத்துப் பள்ளத்தையும் வைச்சுத்தான் பிளானே கீறினது. 1912ல போட்டியில வெண்ட வால்டர் பேர்லி கிரிஃபின் மவுண்ட் எயின்ஸ்லியில இருந்து நேர ஒரு கோடு இழுத்து அதைச் சுத்தித்தான் நகரத்தை வைச்சவர், அதை வடிவா வரைஞ்சு காட்டினது அவர்ட மனுசி மரியன் மஹோனி. நடுவில ஏரி எண்டு கீறினாலும் மொலொங்லோ ஆத்தை மறிச்சு ஏரி நிரம்பினது 1964லதான். அதுவரைக்கும் அந்தப் பள்ளத்தில குதிரைப் பந்தயத் திடலும் கோல்ஃப் திடலும் இருந்ததே ஒழிய ஊர் எழும்ப விடேல்ல, விட்டிருந்தா இண்டைக்கு ஏரியே இல்லை. 1988ல திறந்த பாராளுமன்றத்தைக் கூட மலைக்குள்ள இறக்கி மேல புல்லுப் போட்டிருக்கினம்.

மரம்தான் கஷ்டமான விஷயம். ஆடு மேய்ஞ்ச வெட்டை வெளியில சார்ள்ஸ் வெஸ்டன் எண்டவர் லட்சக்கணக்கில நட்டுவிச்சவர், ஒரே காலத்தில நட்டது ஒரே காலத்தில கிழடு தட்டும், அப்ப பட்டுப்போக முதலே கட்டம் கட்டமா மாத்தி நடோணும், வெட்டேக்க சனம் சண்டைக்கு வரும், அது நியாயமான கோபம்தான், ஆனா நடாம விடுறது அதைவிடப் பிழை.

அங்க காணியை விக்கிறேல்ல, குத்தகைக்குத்தான் குடுக்கிறது. எங்கட 1935 காணி அபிவிருத்திச் சட்டத்தில அரச காணிக்குக் குடுக்கிற பெர்மிட்டும் கிட்டத்தட்ட அந்த யோசினைதான். இருந்தும் இங்க முதல்ல பறிபோறது குளத்து அலைகரை, தண்ணி ஏறி வத்துற விளிம்புக் காணி. ஆடி ஆவணியில போய்ப் பாருங்கோ, சேறு வெடிச்சு மாட்டுக் குளம்படி காய்ஞ்சு கிடக்கும், ஆரோ கதியால் போட்டு முள்ளுக்கம்பி இழுப்பினம், அடுத்த கிழமை ரெண்டு லோட் கிரவல். சும்மா கிடக்கிற காணி எண்டுதான் நினைக்கினம், கார்த்திகையில தண்ணி அதைத் தேடித்தான் வரும். 2018 டிசம்பர் வெள்ளத்தில நாங்கள் பட்ட பாடு மறக்குமா?

கன்பராக்காரர் மலையைச் சட்டத்தால காக்கினம். எங்களுக்கு முதல்ல குளத்து ஒதுக்கீட்டுக்கு, குளத்துக்கெண்டு ஒதுக்கின காணிக்கு, எல்லைக்கல்லு வேணும், அந்தக் கோட்டில மருது நடோணும். உங்கட கமக்கார அமைப்புக் கூட்டத்தில மாரிக்கு முதல் இதைக் கேளுங்கோ.