டிஷ்யூ கல்ச்சர் தேக்கு நட்ட பத்து நாளில் கருகுகிறதே, கன்றில் கோளாறா மண்ணில் கோளாறா?

பாலக்காடு எல்லையில் வேலந்தாவளம் பக்கம் டிசம்பரில் நூறு கன்று நட்டீர்கள், தினமும் தண்ணீர் விட்டும் இலை ஓரம் கருகிப் பாதிக்கு மேல் போய்விட்டது என்று கேட்டிருக்கிறீர்கள். மண்ணைக் குறை சொல்ல வேண்டாம். கொழிஞ்சாம்பாறையில் ஒரு நர்சரியில் இந்தக் கன்றுகளை வெளிக்காற்றுக்குப் பழக்கும் கொட்டகைதான் என் பொறுப்பு. எனக்குச் சந்தேகம் இரண்டு: கன்று சரியாகப் பழகாமலே உங்கள் கைக்கு வந்திருக்கும், நட்ட மாதமும் தப்பு.

டிஷ்யூ கல்ச்சர் என்றால் தாய் மரத்தின் சிறு துண்டை ஆய்வகத்தில் பாட்டிலுக்குள் வைத்துக் கன்றாக வளர்ப்பது. பாட்டிலுக்குள் அந்தக் கன்று வளர்ந்த விதத்தைப் பாருங்கள். ஈரப்பதம் கிட்டத்தட்ட நூறு சதவீதம். வெப்பம் 25 டிகிரி, கூடக் குறைய விடுவதில்லை. வெளிச்சம் இரண்டாயிரம், மூவாயிரம் லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) இருந்தால் அதிகம்; நம் ஊர் உச்சி வெயில் ஒரு லட்சம் லக்ஸ். போதாததற்கு, கன்று நிற்கும் அகர் கூழில் (கடற்பாசிக் கூழ்) லிட்டருக்கு 30 கிராம் சர்க்கரை. உட்கார்ந்த இடத்துக்கே சோறு வரும்போது இலை எதற்குச் சமைக்கப் போகிறது? மேலே மெழுகுப் பூச்சு சரியாகப் படியாது. இலைத்துளைகளுக்கும் மூடிக்கொள்ளத் தெரியாது, மூட வேண்டிய அவசியமே வந்ததில்லை.

கொட்டகைக்குப் புதிதாக வரும் பையன்களுக்கு இதை வாயால் சொல்வதில்லை. பாட்டில் கன்றின் இலை ஒன்று, வாசலில் நிற்கும் தேக்கின் இலை ஒன்று, இரண்டையும் மேஜையில் வைத்துத் தடவிப் பார்க்கச் சொல்வேன். மரத்து இலை உப்புத்தாள் மாதிரி சொரசொரக்கும், மற்றது வெற்றிலைக் கொழுந்து மாதிரி வழுக்கும். டீ குடித்துவிட்டு வருவதற்குள் பாட்டில் இலை துவண்டு மேஜையோடு ஒட்டிக் கிடக்கும். மரத்து இலை அப்போதும் விறைப்பாகவே இருக்கும்.

வேரும் அப்படித்தான். அகர் கூழுக்குள் விட்ட வேரில் வேர்த்தூவி (தண்ணீரை உறிஞ்சும் மெல்லிய முடி) சரியாக இருக்காது, மண்ணில் இறங்கியதும் தண்ணீர் இழுக்கத் திணறும். இலை தண்ணீரை விட்டுக்கொண்டே இருக்கிறது, வேரால் ஈடு கொடுக்க முடியவில்லை. நீங்கள் கூடுதலாக விட்ட தண்ணீர் அழுகலைத்தான் கூட்டியிருக்கும். இதனால்தான் தேக்கில் பல இடங்களில் வேரில்லாத குருத்தையே எடுத்து, வேர் ஊக்கி ஹார்மோனில் தொட்டு, பனிமூட்ட அறையில் வைத்த கோகோபீட்டில் (தென்னை நார்க்கழிவு) நேராக ஊன்றுகிறார்கள். வேர் விடுவதும் பழகுவதும் ஒன்றாக முடிந்துவிடும்.

டிஷ்யூ கல்ச்சரே ஏமாற்று வேலை என்று சிலர் சொல்வார்கள், காதில் வாங்காதீர்கள். புனே தேசிய வேதியியல் ஆய்வகத்தில் 1980 வாக்கிலேயே நூறு வயதுத் தேக்கிலிருந்து கன்று எடுத்துக் காட்டிவிட்டார்கள். கோட்டை விடுவது பெரும்பாலும் பாட்டிலுக்கும் வயலுக்கும் நடுவில்தான்.

அந்த நடுவில் நாங்கள் செய்வது: வேரில் ஒட்டிய கூழைச் சுத்தமாகக் கழுவுவோம் (சர்க்கரை மிச்சமிருந்தால் பூஞ்சைக்கு விருந்து), குழித்தட்டில் நட்டுப் பாலித்தீனால் மூடுவோம். இரண்டு வாரம் போனதும் சாயங்காலம் மட்டும் ஓரத்தைத் தூக்கிவிடுவோம், பிறகு கொஞ்சம் கொஞ்சமாக நேரத்தைக் கூட்டுவோம். அப்புறம் நிழல்வலை, கடைசியில் பையோடு வெயில். பாட்டிலில் வந்த இலைகள் இதற்குள் பழுத்து உதிரும், உதிரட்டும். வெளியில் விட்ட இலைதான் அதன் சொந்த இலை.

ஒரு ஜனவரி மதியம் கிழக்குப் பக்கத் தார்ப்பாய் அவிழ்ந்ததை நான் கவனிக்கவில்லை. சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால் கிழக்கு ஓரத்துத் தட்டுகள் முழுக்கத் தலை சாய்ந்துவிட்டன. அதே கொட்டகையில், அதே தண்ணீர் குடித்த மேற்கு வரிசைக்கு ஒன்றும் ஆகவில்லை. பாலக்காட்டுக் கணவாய் என்பது மேற்குத் தொடர்ச்சி மலையில் முப்பது கிலோமீட்டர் அகலத்துக்கு விழுந்த ஓட்டை. அதன் வழியே கிழக்கிலிருந்து வரும் காற்றை மலையாளத்தில் விருச்சிகக் காற்று என்பார்கள், கார்த்திகையில் தொடங்கி மாசி வரை ஈரமில்லாமல் அடிக்கும். நீங்கள் கன்றை நட்டது அதன் வாயில்.

இருக்கிற கன்றுகளின் தண்டை நகத்தால் லேசாகக் கீறிப் பாருங்கள். பச்சையாக இருந்தால் பிடுங்க வேண்டாம். கிழக்குப் பக்கம் தென்னங்கீற்றைச் சாய்த்து, தூரில் மூடாக்குப் போட்டு, மேல்மண் காய்ந்த பிறகு மட்டும் தண்ணீர் விடுங்கள். போனவற்றுக்குப் பதில் இப்போது வாங்காதீர்கள், ஜூனில் இடவப்பாதி மழை (தென்மேற்குப் பருவமழை) பிடித்ததும் நடலாம். வாங்கும்போது இலையைத் தடவுங்கள். சொரசொரப்பான இலை மூன்று ஜோடியாவது இருக்க வேண்டும். கண்ணாடி மாதிரி பளபளவென்று நீர் கோத்த இலையோடு கொடுத்தால், பாதி விலைக்குக் கொடுத்தாலும் வேண்டாம்.