வாயில் வெள்ளைப் படலம்: பல் மருத்துவரிடம் கேட்டவை

கேள்வி: கன்னத்தின் உட்புறம் ஒரு ரூபாய் அளவுக்கு வெள்ளையாக இருக்கிறது. வலி இல்லை. புற்றுநோயா?

பதில்: சுத்தமான துணியால் லேசாகத் துடைத்துப் பாருங்கள். தயிர் ஏடு மாதிரி உரிந்து வந்தால் பெரும்பாலும் பூஞ்சைத் தொற்று. வராமல் ஒட்டிக்கொண்டிருந்தால் லூக்கோபிளேகியாவாக இருக்கலாம். அது புற்று அல்ல. ஆனால் அதில் ஒரு சிறு பங்கு பின்னாளில் புற்றாகிறது. எது மாறும், எது மாறாது என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. அதனால்தான் துளி சதை எடுத்துச் சோதிக்கிறோம். நடுவில் சிவப்பாகத் தெரிந்தால் இந்த வாரமே போங்கள். வெள்ளையைவிடச் சிவப்புக்குத்தான் நான் பயப்படுவேன். வலி இல்லை என்று நிம்மதியாக இருக்காதீர்கள், ஆரம்பத்தில் வலிக்காது.

கேள்வி: சதை எடுத்தால் பரவிவிடும் என்கிறார்களே?

பதில்: பரவாது. தள்ளிப்போட்டால்தான் பரவும்.

கேள்வி: புகையிலையைத் தொட்டதே இல்லை. வெற்றிலை, சீவல், சுண்ணாம்பு மட்டும்தான். இதிலுமா குற்றம்?

பதில்: பாக்கில் குற்றம். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, புகையிலை சேராத தாம்பூலத்தையும் தனிப் பாக்கையும் மனிதருக்குப் புற்று உண்டாக்குபவை என்று 2004-ல் வகைப்படுத்திவிட்டது. பாக்கிலுள்ள அரிகோலின் என்ற வேதிப்பொருள் கன்னத்துச் சதையில் நார் வளரச் செய்கிறது. முதலில் ரசம் பட்டாலே எரியும். அப்புறம் கன்னம் வெளுத்து விறைக்கும். விரலை உள்ளே விட்டுத் தடவினால் கயிறு கயிறாகத் தட்டுப்படும். மாவா (பாக்கு, புகையிலை, சுண்ணாம்புக் கலவை) போடும் ஓர் இளைஞர் என்னிடம் வந்தது பல்வலிக்காக அல்ல, பானிபூரி வாய்க்குள் நுழையவில்லை என்று.

அவரே மீண்டும்: என் பாட்டி 90 வயது வரை போட்டார், டாக்டர்.

பதில்: பாட்டி நன்றாக இருந்தது சந்தோஷம். அதே தாம்பூலத்தால் 50-லேயே போனவர்கள் இங்கே வந்து சாட்சி சொல்ல முடியாதே!

இன்னொருவர்: வெற்றிலை மருந்து. நம் மரபையே கேவலப்படுத்துகிறீர்கள்.

பதில்: வெற்றிலையோடு எனக்கு என்ன சண்டை? தட்டில் பாக்கு வையுங்கள், கல்யாணத்துக்குக் கொடுங்கள். வாயில் அடக்காதீர்கள், அவ்வளவுதான்.

வேறொருவர்: ஊறவைத்த பாக்கு பரவாயில்லையா?

பதில்: ஊறினாலும் பாக்குதான். வாசனை போட்டாலும் பாக்குதான். சரி, சண்டை போடும் நேரத்தில் ஆளுக்கொரு சோதனை செய்யுங்கள்: மூன்று விரல்களை ஒன்றின்மேல் ஒன்றாக நிமிர்த்தி முன்பற்களுக்கிடையே நுழைத்துப் பாருங்கள். போகவில்லையென்றால் பாக்கை இன்றே நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள். நிறுத்தினால் மேலும் இறுகுவது குறையும். இறுகிப்போன நார் பழையபடி இளகுவது அபூர்வம்.

கேள்வி: நாக்கின் ஓரத்தில் ஆறு வாரமாகப் புண். மணத்தக்காளிக் கீரை சாப்பிடுகிறேன்.

பதில்: கீரை நல்லதுதான், சாப்பிடுங்கள். ஆனால் கூரான பல் உரசினால் அதை ராவிவிட்டு இரண்டு வாரம் பார்ப்போம். அதற்குமேல் ஆறாத புண்ணுக்குக் கீரையை நம்பி உட்காரக் கூடாது. உங்களுக்கு ஆறு வாரம் ஓடிவிட்டது. நாளைக் காலை கிளம்புங்கள்.

கேள்வி: போட்டோ அனுப்பியிருக்கிறேன், பார்த்துச் சொல்லுங்கள்.

பதில்: நான்காவது முறை சொல்கிறேன்: போட்டோவைத் தடவிப் பார்க்க முடியாது.

கேள்வி: எந்த பற்பசை நல்லது?

பதில்: அது இன்னொரு நாளைக்கு.

கேள்வி: வெள்ளையாக இருக்கிறது, வலி இல்லை. விட்டுவிடலாமா?

பதில்: முதல் பதிலைப் படியுங்கள். படித்துவிட்டு, மூன்று விரல்.